அப்பாவின் போன் பில்லில் ஏறிய 5,380 ரூபாயை எப்படிக் கேட்பது?

களுவாஞ்சிக்குடியிலிருந்து நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது. தந்தையாரின் பெயரிலுள்ள போஸ்ட்பெய்ட் இணைப்புக்கு மாதந்தோறும் 1,500 ரூபாயையொட்டியே பில் வரும். இம்முறை 6,880 ரூபாய் வந்திருக்கிறது. மாத வாடகை 1,190, மேலதிக டேட்டா 2,340, வெளிநாட்டு அழைப்பு 1,480, மதிப்புக்கூட்டு சேவைகள் 450, வரிகள் 1,420 என்று அதில் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். கஸ்டமர் கெயாருக்கு மூன்று தடவை கோல் எடுத்தும் "பாவிச்சிருக்கிறீங்க, அதனாலதான் வந்திருக்கு" என்ற ஒரே பதிலே கிடைத்திருக்கிறது. கட்டாமல் விடலாமா, கட்டிவிட்டுக் கேட்கலாமா, எங்கே முறையிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். கோபத்தில் இந்த லைனையே வெட்டிவிடும்படி அப்பா சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

மட்டக்களப்பு நகரில் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் கிளையில் பல வருடங்கள் கவுண்டருக்குப் பின்னால் இருந்து இப்படியான பில்களைப் பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கவுண்டருக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் பில்லின் அடியிலுள்ள கூட்டுத்தொகையை விரலால் குத்திக் காட்டி, "இது எப்படி இவ்வளவு வரும்?" என்றுதான் தொடங்குவார்கள். அந்தக் கேள்விக்குக் கவுண்டரில் இருக்கும் பிள்ளையால் சொல்லக்கூடிய பதில் ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் உங்களுக்கும் மூன்று தடவை சொல்லியிருக்கிறார்கள். 6,880 ரூபாய் என்பது ஒரு தொகை போலத் தெரிந்தாலும், அது தனித்தனியான காரணங்களால், தனித்தனியான ஆட்களுக்குப் போய்ச் சேரும் பணத்தை ஒரே தாளில் கூட்டி எழுதியது. ஆகவே ஒவ்வொரு உருப்படியையும் எடுத்து, அந்தக் காசு கடைசியில் யாருடைய கைக்குப் போகிறது என்று பாருங்கள். நிறுவனம் தன் கையில் வைத்திருக்கும் காசைத் திருப்பித் தருவது எளிது. வேறொருவருக்குக் கொடுத்துவிட்ட, அல்லது கொடுக்கவேண்டிய காசைத் திருப்பித் தருவது கடினம். எதற்காக விடாப்பிடியாக நிற்பது, எதில் சலுகை கேட்பது, எதை விட்டுவிடுவது என்பதெல்லாம் இதிலிருந்துதான் முடிவாகும்.

தொகை சிறியதாயினும் 450 ரூபாயிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் பில்லில் நீங்கள் வெல்லக்கூடிய உருப்படி அதுதான். 450 என்ற இலக்கத்தை 30 நாட்களால் வகுத்துப் பாருங்கள்: நாளொன்றுக்கு 15 ரூபாய். யாரோ ஒருநாள் எதையோ வாங்கியதால் வந்த தொகையாக இது தெரியவில்லை. தினமும் தானாகப் புதுப்பிக்கப்படும் ஒரு சேவையின் அடையாளம் இது. இராசிபலன், கிரிக்கெட் ஓட்ட விபரம், செய்தி, விளையாட்டு, உங்களுக்குக் கோல் எடுப்பவர் காதில் ஒலிக்கும் பாட்டு என்று இதற்குப் பல முகங்கள் உண்டு. இவற்றை நடத்துபவர் பெரும்பாலும் தொலைபேசி நிறுவனம் அல்ல. வேறொரு சிறிய நிறுவனம் உள்ளடக்கத்தைக் கொடுக்கும், தொலைபேசி நிறுவனம் அதற்கான காசை உங்கள் பில்லில் அறவிட்டுக் கொடுக்கும், வருமானத்தை இருவரும் பங்கிட்டுக்கொள்வார்கள். அந்தக் கணக்குத் தீர்ப்பு உள்ளூரிலேயே, இரண்டு தரப்புக்கும் இடையிலேயே நடப்பதால், ஒரு வாடிக்கையாளரின் 450 ரூபாயைத் திருப்பிக் கொடுத்து அதை மற்றவரின் பங்கிலிருந்து கழித்துக்கொள்வது நிறுவனத்துக்குப் பெரிய வேலை அல்ல.

இந்தச் சேவைகள் எப்படி ஒட்டிக்கொள்கின்றன என்பதை ஒரு சம்பவத்தால் சொல்லலாம். வெள்ளாவெளிப் பக்கத்திலிருந்து ஒரு வயதான அம்மா, பொலித்தீன் பைக்குள் போனையும் அடையாள அட்டையையும் சுற்றிக்கொண்டு, ஆற்றைக் கடந்து பஸ் மாறி எங்கள் கிளைக்கு வந்திருந்தார். "மனே, நான் ஒருத்தருக்கும் கோல் எடுக்கல்ல, பேரப்பிள்ளைக்கு மட்டும்தான் பேசுற. இந்தக் காசு எப்படிப் போன?" என்று கேட்டார். நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய போன் திரை வெளிச்சமாகி, நடுவில் ஒரு கட்டம் எழும்பியது. ஆங்கிலத்தில் இரண்டு வரி, கீழே 'ஓகே', 'கென்சல்' என்று இரண்டு பொத்தான்கள். அம்மா என் முகத்தைப் பார்த்தபடியே பெருவிரலால் 'ஓகே'யை அமத்திவிட்டு, "இது இப்படித்தான் மனே, அடிக்கடி வரும், அமத்தினால் போயிரும்" என்றார். அவரைப் பொறுத்தவரை அது ஈயை விரட்டுவது போன்ற ஒரு செயல். எங்கள் கணினியிலோ அது ஒரு சேவைக்கான சம்மதமாக, நாள், மணி, நிமிடத்தோடு பதிவாகியிருந்தது. கோல் வந்து, பதிவுசெய்த குரல் ஒன்று 'ஒன்றை அழுத்துங்கள்' என்று சொல்வதும், ஏதோ ஒரு இணையப் பக்கத்தில் விளம்பரத்தில் விரல் பட்டுவிடுவதும் இதே வேலையைச் செய்யும்.

ஆகவே உங்கள் தந்தையார் "நான் ஒன்றையும் அமத்தவில்லை" என்று சாதிப்பதைவிட, நிறுவனத்திடம் மூன்று விடயங்களைக் கேட்பது பயன் தரும்: இந்தச் சேவை எந்தத் திகதியில் எத்தனை மணிக்குத் தொடங்கப்பட்டது, எந்த வழியாக, அதாவது குறுஞ்செய்தியா, திரையில் எழும்பிய கட்டமா, குரல் அழைப்பா, இணையப் பக்கமா, சேவையை வழங்குபவர் யார். இந்தத் தகவல்கள் அவர்களுடைய கணினியில் இருக்கும். சம்மதம் இருந்தது என்று சொல்லிக் காசு எடுப்பவர்தான் அந்தச் சம்மதத்தைக் காட்ட வேண்டும். இல்லாத ஒன்றை இல்லை என்று நிரூபிக்க வேண்டிய கடமை வாடிக்கையாளருக்குக் கிடையாது. இந்த மூன்று கேள்விகளையும் எழுத்தில் கேட்டவர்களுக்கு, பதிலைத் தேடி எடுத்துக் கொடுப்பதைவிடக் காசைத் திருப்பிக் கொடுப்பது சுலபம் என்று எங்கள் மேலாளர்கள் முடிவெடுத்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஒரு விடயத்தை மறக்க வேண்டாம்: அந்தச் சேவை கடந்த மாதங்களிலும் ஓடியிருக்கலாம். வழக்கமான பில்லுக்குள் அது ஒளிந்திருந்ததா என்று பழைய பில்களையும் எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது வெளிநாட்டு அழைப்பு, 1,480 ரூபாய். அக்கா டோஹாவில் இருப்பதாகவும், அவருடன் எப்போதும் வட்ஸ்அப்பில்தான் பேசுவதாகவும், ஆனால் ஒருநாள் 'மிஸ்ட் கோல்' ஒன்றைப் பார்த்து அப்பா திருப்பி எடுத்ததாக நினைவு என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வாக்கியத்திலேயே விடை இருக்கக்கூடும். உலகம் முழுவதும் நடக்கும் ஒரு மோசடி இது. ஒரு தடவை மணி அடித்துவிட்டு வெட்டுவது என்று பொருள்படும் 'வன்கிரி' என்ற ஜப்பானியச் சொல்லால் இதைக் குறிப்பார்கள். வெளிநாட்டு இலக்கமொன்றிலிருந்து ஒரே ஒரு மணி அடிக்கும். திருப்பி எடுத்தால் நிமிடக் கட்டணம் மிக உயர்ந்த இலக்கத்துக்கு அழைப்புப் போகும். அந்தப் பக்கத்தில் இசையோ, மணிச் சத்தமோ, யாரோ பேசப்போவது போன்ற பாவனையோ கேட்டுக்கொண்டிருக்கும். வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கும் எங்கள் ஊர்களில் இந்த வலை விரிப்பது மிக எளிது. கட்டாரின் குறியீடு 974. பூட்டானின் குறியீடு 975. சவூதி 966, மாலைதீவு 960. கண்ணாடி போடாமல், பிள்ளையின் கோல் என்று எண்ணி அவசரமாகப் பார்க்கும் ஒரு தகப்பனுக்கு இந்த வித்தியாசம் எங்கே தெரியப்போகிறது?

இங்கே நான் உங்களுக்கு ஆசைவார்த்தை சொல்ல விரும்பவில்லை. அப்பாவுடைய போனிலிருந்து அழைப்பு உண்மையாகவே போயிருந்தால், நிறுவனம் அதற்காக வெளிநாட்டு வலையமைப்புக்கும் இடையில் அழைப்பைக் கொண்டுசெல்லும் சர்வதேச நிறுவனங்களுக்கும் பணம் செலுத்த வேண்டியிருக்கும். எனவே அந்தக் காசு அவர்களுடைய கையில் நிற்பதில்லை. பிழையான அறவீடு என்று இதை வாதாடினால் தோற்பீர்கள். மோசடி என்று அறிவித்து, ஒருமுறைக்கான சலுகையாகக் கழிவு கேட்பதே சரியான வழி. அதிலும் முழுத்தொகையும் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். ஆனால் கேட்பதற்கு முன், அழைப்புகளையும் டேட்டாவையும் ஒவ்வொன்றாகக் காட்டும் விபரப் பட்டியலை நிறுவனத்திடம் வாங்கி, அதில் அந்த இலக்கம், நேரம், நீடித்த நிமிடங்கள் ஆகிய மூன்றையும் பாருங்கள். அந்த இலக்கம் 974இல் தொடங்கி, அக்காவுடையதாகவே இருந்தால், இணையம் வேலை செய்யாத ஒரு பொழுதில் அப்பா சாதாரண அழைப்பை எடுத்திருக்கிறார் என்பதுதான் கதை. அப்போது கேட்பதற்கு எதுவும் இல்லை.

மேலதிக டேட்டாவின் 2,340 ரூபாய்தான் உங்கள் பில்லில் பெரிய துண்டு. அதைப் பற்றித்தான் நிறையப் பேர் "நான் பாவிக்கவே இல்லை" என்று சத்தியம் செய்வார்கள். பெரும்பாலானோர் பொய் சொல்வதில்லை. அவர்கள் பாவிக்கவில்லை, அவர்களுடைய போன் பாவித்திருக்கிறது. வட்ஸ்அப் தனது பிரதியை நள்ளிரவில் சேமிப்பது, செயலிகள் தாமாகப் புதுப்பித்துக்கொள்வது, குடும்பக் குழுவில் வந்து விழும் வீடியோக்கள் திறக்காமலே இறங்கிவிடுவது, வீட்டு வைஃபை பலவீனமாகும்போது போன் சத்தமில்லாமல் சிம் டேட்டாவுக்கு மாறிவிடுவது ஆகியவை வழக்கமான காரணங்கள். போனின் அமைப்புகளுக்குள் டேட்டா பாவனை என்ற பகுதி இருக்கிறது. அதிலுள்ள மாதச் சுழற்சியை பில் திகதிக்கு ஏற்ப மாற்றிவிட்டுப் பார்த்தால், எந்தச் செயலி எவ்வளவு தின்றிருக்கிறது என்று தெரியும். அந்தப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போன் காட்டும் அளவும் பில் காட்டும் அளவும் ஓரளவு வேறுபடும். பில்லில் பத்து, போனில் ஒன்பது என்றால் அது முரண்பாடு அல்ல; பில்லில் பத்து, போனில் மூன்று என்றால் அது கையில் கிடைத்த ஆதாரம்.

ஒரு சிறிய நுணுக்கம்: விபரப் பட்டியலில் 'அதிகாலை 2.10க்கு 640 மெகாபைட்' என்று இருந்தால் உடனே குதிக்க வேண்டாம். டேட்டா இணைப்பொன்று மணிக்கணக்கில் திறந்தே இருக்கும். அதன் கணக்கு இடையிடையேயும் முடிவிலுமாகத்தான் பதியப்படும். எனவே பட்டியலிலுள்ள நேரம் நீங்கள் வீடியோ பார்த்த நேரமாக இருக்கவேண்டும் என்பதில்லை. "அப்பா இரவு ஒன்பது மணிக்கே படுத்துவிடுவார்" என்ற வாதத்தை கவுண்டரில் இருப்பவர்கள் தினமும் கேட்டுச் சலித்திருப்பார்கள்.

டேட்டாவின் காசு வேறு யாருக்கும் போகவில்லை, நிறுவனத்திடமே இருக்கிறது. எனவே பேரம் பேச இடமுண்டு. பெக்கேஜ் முடிந்த பிறகு மெகாபைட் கணக்கில் அறவிடும் கட்டணத்துக்கும், அதே அளவு டேட்டாவை மேலதிகப் பெக்கேஜாக வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கும். உங்கள் கோரிக்கை இப்படி இருக்கட்டும்: பெக்கேஜ் முடிந்துவிட்டது என்ற அறிவித்தல் எந்தத் திகதியில் அனுப்பப்பட்டது என்று காட்டுங்கள், காட்ட முடியாவிட்டால், இந்த மேலதிகப் பாவனையை ஒரு பெக்கேஜின் விலைக்கு மாற்றிக் கணக்கிட்டு மீதியைக் கழியுங்கள். முழுத்தொகையையும் இல்லாமல் செய்யக் கேட்டவர்களுக்கு 'முடியாது' என்று சொன்ன அதே மேலாளர், இப்படிக் கேட்டவர்களுக்குச் சரி என்று கையெழுத்துப் போட்டதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

வரிகள் என்ற 1,420 ரூபாயைத் தனியாக எதிர்த்துப் பயனில்லை. அது அரசாங்கத்துக்குப் போகும் காசு. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி 1ஆம் திகதி முதல் 18 சதவீதம், 2022 ஒக்டோபரில் வந்த சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி, அதற்கு மேல் அழைப்புகளுக்கான தொலைத்தொடர்பு அறவீடு என்று அடுக்கடுக்காக ஏறுகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஓர் உருப்படி பிழை என்று ஏற்றுக் கழித்தால், அதன் மேல் ஏறிய வரியையும் சேர்த்தே கழிக்க வேண்டும். 450 ரூபாயைத் திருப்பித் தந்துவிட்டு, அதற்கான வரியை அப்படியே விட்டுவிடுவது நடக்கும். கேட்டால் தருவார்கள், கேட்காவிட்டால் யாரும் ஞாபகப்படுத்தப் போவதில்லை.

இனி, கட்டுவதா விடுவதா என்ற கேள்வி. இதில் என் சொந்தக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. இந்தத் துறையில் வேலை செய்தவனாக இருந்தும், தலயாத்திரைக்காகத் தமிழ்நாட்டுக்குப் போனபோது விமான நிலையத்தில் இறங்கியதும் போனைத் திறந்தேன். ரோமிங் டேட்டா, அதாவது வெளிநாட்டு வலையமைப்பின் ஊடாக எங்கள் சிம் பாவிக்கும் டேட்டா, திறந்திருப்பதைக் கவனிக்கவில்லை. வைஃபை கிடைக்கும் வரை நாற்பது நிமிடம் போலிருக்கும். திரும்பி வந்த மாதம் பில்லில் ஒன்றும் இல்லை, தப்பினேன் என்று எண்ணினேன். அடுத்த மாத பில்லில் அது வந்து உட்கார்ந்திருந்தது, ஏனென்றால் வெளிநாட்டு வலையமைப்பின் கணக்கு எங்கள் நாட்டு நிறுவனத்துக்கு வந்து சேரத் தாமதமாகும். லைன் துண்டிக்கப்பட்டுவிடும் என்ற பயத்தில் முழுத்தொகையையும் கட்டிவிட்டு, பிறகு கேட்போம் என்று இருந்தேன். பிறகு கேட்டபோது, "நீங்கள் பில்லை ஏற்றுக் கட்டிவிட்டீர்களே" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த ரோமிங் காசின் பெரும் பங்கு வெளிநாட்டு நிறுவனத்துக்குப் போயிருக்கும் என்பது எனக்கே தெரிந்திருந்தபடியால் அதிகம் வாதாடவும் முடியவில்லை.

முழுதும் கட்டுவதும் பிழை, ஒன்றுமே கட்டாமல் விடுவதும் பிழை. தகராறு இல்லாத பகுதியை, உங்கள் விடயத்தில் மாத வாடகையும் அதற்கான வரியுமாகிய ஏறத்தாழ 1,500 ரூபாயை, கடைசித் திகதிக்கு முன்பே கட்டிப் பற்றுச்சீட்டை வாங்கி வையுங்கள். மீதித் தொகை தகராறில் இருப்பதாகவும், முடிவு வரும் வரை அதற்காக இணைப்பைத் துண்டிக்கக்கூடாது என்றும், தாமதக் கட்டணம் சேர்க்கக்கூடாது என்றும் எழுத்தில் கேளுங்கள். இதை எழுதிக் கொடுக்காமல் பகுதிக் காசை மட்டும் கட்டினால், கணினிக்கு அது வெறும் நிலுவையாகவே தெரியும்; முதலில் வெளிச்செல்லும் அழைப்புகளை நிறுத்தும், பிறகு உள்வரும் அழைப்புகளை நிறுத்தும், அதில் எந்த மனிதக் கையும் இருக்காது. வங்கி அட்டையிலிருந்து தானாகக் கழியும்படி ஒழுங்கு செய்திருந்தால் அதையும் உடனே நிறுத்துங்கள்.

இணைப்பு அப்பாவின் பெயரில் இருப்பதால், விபரப் பட்டியலை உங்களிடம் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. அவரையே தேசிய அடையாள அட்டையுடன் கூட்டிக்கொண்டு போங்கள், அல்லது அவருடைய கையொப்பமிட்ட அதிகாரமளிப்புக் கடிதத்தையும் அட்டைப் பிரதியையும் கொண்டு போங்கள். களுவாஞ்சிக்குடியிலிருந்து மட்டக்களப்புக்கும் போகலாம், கல்முனைக்கும் போகலாம். எங்கே போனாலும் மாத ஆரம்பத்தில் போகாதீர்கள், சம்பளக் காலத்தில் பில் கட்ட வருபவர்களின் வரிசையில் உங்கள் விடயத்தை யாரும் பொறுமையாகக் கேட்க மாட்டார்கள். கையில் ஒரு கடிதம் இருக்கட்டும். இரண்டு பிரதிகள் கொண்டு போய், ஒன்றில் திகதியும் முத்திரையும் வாங்குங்கள். கடிதம் நீளமாக இருக்கவேண்டியதில்லை. இந்த அளவு போதும்:

"எனது பெயரிலுள்ள மேற்படி இலக்கத்துக்கான இம்மாதப் பில்லில் மதிப்புக்கூட்டு சேவைகளுக்கென அறவிடப்பட்டுள்ள 450 ரூபாயை நான் ஏற்கவில்லை. இச்சேவை எத்திகதியில், எத்தனை மணிக்கு, எவ்வழியாகத் தொடங்கப்பட்டது என்பதையும், வழங்குநரின் பெயரையும் எழுத்தில் அறியத் தரவும். மேலதிக டேட்டா 2,340 ரூபாய் தொடர்பாக, பெக்கேஜ் முடிவடைந்தமை எனக்கு அறிவிக்கப்பட்ட திகதியைத் தரவும்; அறிவிக்கப்பட்டிராவிடின் பெக்கேஜ் விலையில் மீளக் கணக்கிடவும். வெளிநாட்டு அழைப்பு 1,480 ரூபாய் மோசடி அழைப்பொன்றின் விளைவென நம்புவதால் அதனை விசாரித்துக் கழிவு வழங்குமாறு கோருகிறேன். கழிக்கப்படும் தொகைகளுக்கான வரியும் கழிக்கப்பட வேண்டும். தகராறற்ற தொகையை இன்று செலுத்தியுள்ளேன். முடிவு எழுத்தில் கிடைக்கும் வரை மீதித் தொகைக்காக இணைப்பைத் துண்டிக்க வேண்டாம்."

முறைப்பாட்டுக்கு ஓர் இலக்கம் தருவார்கள். அந்த இலக்கம் இல்லாமல் கவுண்டரை விட்டு எழும்பாதீர்கள். கஸ்டமர் கெயாருடன் தொலைபேசியில் பேசினாலும், பேசியவரின் பெயர், நேரம், முறைப்பாட்டு இலக்கம் மூன்றையும் பழைய கலண்டரின் பின்பக்கத்திலாவது எழுதி வையுங்கள். அடுத்த கட்டத்துக்குப் போகும்போது முதலில் கேட்கப்படுவது இதுதான்.

அந்த அடுத்த கட்டம், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தை 1996இல் திருத்தியபோது உருவாக்கப்பட்ட அமைப்பு இது. கைத்தொலைபேசிக் கட்டணங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரத்தோடுதான் மாறுகின்றன. 2022 செப்டம்பர் 5ஆம் திகதி முதல் கட்டணங்கள் 20 சதவீதம் உயர்ந்தபோதும் அப்படித்தான் நடந்தது. சேவை வழங்குநருக்கு எதிரான பாவனையாளர் முறைப்பாடுகளை விசாரித்துப் பரிகாரம் செய்விக்கும் அதிகாரம் சட்டப்படி அதற்கு இருக்கிறது. 1900 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். ஆனால் என் அனுபவத்தில், 276, எல்விட்டிகல மாவத்தை, கொழும்பு 08 என்ற முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பும் கடிதமே நின்று பேசும். நிறுவனத்துக்கு நீங்கள் கொடுத்த கடிதத்தின் முத்திரையிட்ட பிரதி, முறைப்பாட்டு இலக்கம், அவர்கள் தந்த பதில் அல்லது பதில் தராத நாட்களின் எண்ணிக்கை, பில், பகுதிக் கட்டணப் பற்றுச்சீட்டு ஆகியவற்றை இணையுங்கள். நிறுவனத்திடம் கேட்காமல் நேரே ஆணைக்குழுவுக்கு எழுதினால், 'முதலில் அவர்களிடம் கேளுங்கள்' என்று திரும்பி வருவதற்கே வாய்ப்பு அதிகம்.

கொழும்புக்கு எழுதுவதென்றால் ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று நினைத்து, எழுதத் தெரிந்த ஒருவரைத் தேடி அலைந்து, அதிலேயே மாதம் ஒன்றை வீணாக்கியவர்களை நான் அறிவேன். ஆணைக்குழு ஓர் அரச நிறுவனம்; அதற்குத் தமிழில் எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பு உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. அப்பாவின் வார்த்தைகளிலேயே தெளிவாக எழுதுங்கள். கடிதம் போய் நெடுநாளாகியும் சத்தமில்லை என்றால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், 'எனது முறைப்பாட்டின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன' என்று ஆணைக்குழுவின் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவைச் சொல்ல வேண்டும். இந்தச் சட்டம் பகிரங்க அதிகார சபைகளுக்கானது என்பதால், சாதாரண தனியார் தொலைபேசி நிறுவனமொன்றிடம் இதைப் பாவித்துக் கேட்க முடியாது; ஆனால் ஆணைக்குழுவிலுள்ள உங்கள் கோப்பை மேசையின் அடியிலிருந்து மேலே கொண்டுவர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

வழக்கறிஞரிடமிருந்து கோரிக்கைக் கடிதம் வந்துவிட்டால் பலர் நடுங்கிப்போய், நகையை அடகு வைத்தாவது கட்டிவிடுகிறார்கள். அந்தக் கடிதம் தீர்ப்பு அல்ல. தகராறு எழுத்தில் நிலுவையில் இருக்கிறது என்பதைக் குறிப்பிட்டு, உங்கள் கடிதப் பிரதியோடு ஒரு பதிலை அதே பதிவுத் தபாலில் அனுப்பினால் போதும். விடயம் மேலும் போனால், சிறிய தொகைக்கான பிணக்குகள் நீதிமன்றத்துக்கு முன் மத்தியஸ்த சபைக்கு வரும். எங்கள் பக்கத்தில் அதை இன்னமும் இணக்கசபை என்றே சொல்வார்கள். அழைப்பு வந்தால் கட்டாயம் போங்கள், போகாமல் விடுவது உங்களுக்கே பாதகம். அங்கே இருப்பவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லை. இருதரப்பையும் இணங்கச் செய்யப் பார்ப்பார்கள், இணங்காவிட்டால் இணங்கவில்லை என்ற சான்றிதழைக் கொடுப்பார்கள். பில்லையும் உங்கள் கடிதத்தையும் பகுதிக் கட்டணப் பற்றுச்சீட்டையும் மேசையில் வைத்துப் பேசுபவருடன் ஒரு தொகைக்கு இணங்கிக்கொள்ளவே நிறுவனத்தின் பிரதிநிதி விரும்புவார். இரண்டாயிரம் ரூபாய்க்காக அவர் மறுபடியும் அவ்வளவு தூரம் வரப்போவதில்லை.

கடைசியாக, லைனை வெட்டிவிடும் யோசனை. அதை இப்போது செய்ய வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். வெட்டினாலும் நிலுவை அவருடைய பெயரில் நிற்கும். தகராறைத் தீர்க்க வேண்டிய அவசரம் நிறுவனத்துக்கு இருக்காது. சில காலம் கழிந்ததும் அந்த இலக்கம் வேறொருவருக்குப் போகும். அப்பாவின் வங்கிக் கணக்குக்கும் வட்ஸ்அப்புக்கும் அந்த இலக்கம்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது என்றால், ஒருமுறைக் கடவுச்சொற்கள் எல்லாம் அந்த வேறொருவரின் போனுக்குப் போய்க்கொண்டிருக்கும். கிளைக்குப் போகும் அதே நாளில் மதிப்புக்கூட்டு சேவைகள் அனைத்தையும் மூடச் சொல்லுங்கள். வெளிநாட்டு நேரடி அழைப்பை நிறுத்தச் சொல்லுங்கள், அக்காவுடன் பேச அது தேவைப்படப் போவதில்லை. பெக்கேஜ் முடிந்தால் டேட்டா தானாக நிற்கும்படி செய்யச் சொல்லுங்கள். கடன் எல்லையை, அதாவது பில் ஏறக்கூடிய உச்சத் தொகையை, 2,000 ரூபாய்க்குக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். பிணக்குத் தீர்ந்து நிலுவை பூச்சியமான பிறகு, இலக்கத்தை மாற்றாமலே ப்ரீபெய்ட்டுக்கு மாறிக்கொள்ளும் வசதி உண்டா என்று அந்தக் கவுண்டரிலேயே விசாரித்துவிட்டு வாருங்கள்.